மிஞ்சின நாள்கள்

கிளி மச்சாள்,

இன்றைக்குக் காலமை அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். நனைந்த சாம்பல் மணம் எழும்பிக் குசினி முழுக்கப் பரவியது. அந்த மணத்தோடு நீரும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவீர் என்று ஒரு எண்ணம். முதுகைக் காட்டிக்கொண்டே கதைத்தேன். "இண்டைக்கு அடுப்பு ஆறும் நாள். தேத்தண்ணியும் இல்லை, கேக்கப்படாது" என்றேன். நீர் சிரித்த மாதிரியும் இருந்தது. ஓலை வேலியில் காற்று உரசின சத்தமாகவும் இருக்கலாம்.

உமக்குப் பதிவில் இருந்த பேர் வேறு. மூக்கு கொஞ்சம் வளைவு என்றபடியால் வீட்டில் கிளி. நான் எழுவைதீவில் இருந்து படகேறி, உம்முடைய தமையன் கொண்ணருக்குப் பெண்சாதியாக இந்த நாரந்தனை வீட்டுக்கு வந்த அன்று, நீர் பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தீர். புதுப்பொம்பிளையிடம் எல்லாரும் நகையைப் பற்றிக் கேட்டார்கள். நீர் கேட்டது வேறு. "மச்சாள், நடுக்கடலிலை நிண்டு பாத்தா எங்கடை தீவு என்ன நிறம்?" படகு ஆட்டின ஆட்டத்தில் எனக்கு இன்னும் சத்தி வந்துகொண்டிருந்தது. "சாம்பல்" என்றேன். நீர் அதை ஏதோ பெரிய சாமான் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டு போனீர். அன்றைக்கே எனக்கு விளங்கியது, இது வேறு மாதிரிப் பிள்ளை என்று.

இருதயம் பலமில்லை, கலியாணம் பிள்ளை குட்டி எல்லாம் வேண்டாம் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். நீர் அதற்கு அழுததை நான் காணவில்லை. தையல் மெசினை விறாந்தையில் போட்டீர். ஊர்ப் பெண்டுகளின் சட்டை எல்லாம் உம்முடைய கையால்தான். மத்தியானம் வேலை முடிய, நீரும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்போம். அந்த நாடகம் நினைவிருக்கும்தானே. எங்கேயோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் குரல் போட்டு விட்டது. இரண்டு நிலவு உள்ள ஒரு நாடு. அரசன், அரண்மனை, வாள், வெள்ளைக் குதிரை. எனக்குக் குதிரை வந்தால் மட்டும் கண் திறக்கும். நெடுந்தீவுக் குதிரையை விட அது கொழுப்பு என்று நான் சொல்ல, "அது அரண்மனைச் சாப்பாடு மச்சாள்" என்பீர்.

ஒரு நாள் அந்த அரசனுக்கு முடிசூட்டுகிற காட்சி வந்தது. பின்பக்கம் ஒரு கூட்டம் உப்பு மூட்டை காவிக்கொண்டு போனது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். நீர் எழும்பி நின்றுவிட்டீர்.

"இவை ஆர்?"

"ஆரோ உப்புக்காவிறவை" என்றேன்.

"முந்தியும் வந்தவை. வெற்றி நாளுக்கும் காவினவை, விளக்கு நாளுக்கும் காவினவை. அரண்மனைக்காரருக்கு எத்தினை பெருநாள்! எல்லாத்துக்கும் மூட்டை இவையின்ரை தோளிலை. இவைக்கெண்டு ஒரு நல்லநாள் இல்லையோ மச்சாள்?"

அங்கேதான் தொடங்கியது. அந்த நாடகத்துக்கு உலகம் முழுக்க விசிறிகள் இருக்கினம், அதில் வருகிற ஆட்களை வைத்துத் தாங்களே கதை எழுதிப் போனில் போடுவினம், மற்றவை வாசிப்பினம் என்று நீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆருக்கு அந்த அரசன் வேண்டுமோ அவை அரசனை எழுதினார்கள். நீர் உப்புச் சனத்தை எழுதினீர். பேரும் உப்புக்கிளி என்று வைத்தீர். ஒவ்வொரு கதையிலும் அந்தச் சனத்துக்கு ஒரு நல்லநாள் பிறக்கும். எல்லாம் சேர்த்து ஒரு முழுக் கலண்டர் ஆக்குவேன் என்றீர். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நான் ஒரு பக்கம் வாசித்து முடிக்கப் பானையில் சோறு வெந்துவிடும். ஆனாலும் நீர் எழுதமுதல் என்னிடம் சொல்லுவீர். நான் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டேன்.

"இரண்டு நிலவெண்டால் அமாவாசைக்கு எதைப் பாக்கிறது? விரதம் இரண்டு தரமோ? அந்தச் சனம் பட்டினியிலை செத்துப்போகும்" என்றேன்.

நீர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர். பிறகு வெட்டுமேசையில் நீலச் சோக்கால் ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம் கீறினீர். பெரிய நிலவைப் பார்த்து மாதம், சின்ன நிலவைப் பார்த்து வருசம் என்று வைத்தீர். இரண்டும் ஒன்றாக இருண்டால் அது இரட்டை இருட்டு. அன்றைக்கு ஒருவரும் விளக்கேற்றுவதில்லை. எல்லாரும் கடற்கரைக்குப் போய் அவரவர் பேரைக் கடலுக்குச் சொல்லிவிட்டு வருவார்கள். கடல் ஆளை மறக்காமல் இருக்க வேண்டுமாம். நீர் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் விறாந்தை மத்தியான வெயிலிலும் இருண்டு குளிர்ந்து போனது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது.

இன்னொரு நாள் நீர் மீன்படுகிற காலத்துக்கு ஒரு பெருநாள் கட்டினீர். பலகாரம், கூழ், பொரியல் என்று அடுக்கிக்கொண்டு போனீர்.

"அதெல்லாம் சரி. அண்டைக்கு ஆர் சமைக்கிறது?" என்று கேட்டேன்.

நீர் நூல்கட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்.

"பெருநாளெண்டால் எங்களுக்கு முதுகு முறியிற நாள். உம்முடைய நாட்டிலையும் அதுதானோ?"

அப்படித்தான் அடுப்பு ஆறும் நாள் பிறந்தது. பெரிய நிலவு நிறைகிற பறுவத்துக்கு அடுத்த நாள், பெண்டுகள் அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். முதல்நாள் சோறுதான் சாப்பாடு. ஆம்பிளைகள் குசினிக்குள் காலை வைக்கிறதென்றால் அடுப்பிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். அந்தக் கதையின் அடியில் 'இது மச்சாள் கேட்டது' என்று எழுதிவிட்டீர். அதுக்குப் பிறகு, உம்முடைய கதையை வாசிக்கிற மட்டக்களப்புப் பிள்ளைக்கும் மலேசியாவில் இருக்கிறவருக்கும் நான் மச்சாள். கண்டறியாத உறவு.

காற்று மாறும் நாளையும் சொல்லவேணும். நீரும் நானும் ஒரு பூசணிக்கொடிக்காகக் கோபித்து, குசினியில் முட்டுப்பட்டாலும் கதைக்காமல் திரிந்த காலம். ஒரு காலமை பனைகள் மற்றப் பக்கம் சரிந்து ஓலை அடித்தன. வாடைக்காற்று போய்ச் சோளகக்காற்று பிறந்துவிட்டது. நீர் வந்து விறாந்தைக் கதிரையை எடுத்து மற்றப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தீர்.

"உப்புச் சனத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. வாடையிலை தொடங்கின சண்டை சோளகத்துக்குச் செல்லாது" என்றீர்.

"எப்ப வந்த சட்டம்?"

"இப்பதான்."

நான் எவ்வளவு நேரத்துக்கு முகத்தை இறுக்கி வைத்திருக்க?

கலண்டர் முடிகிற இடத்தில்தான் உமக்கு ஒரு இடைஞ்சல் வந்தது. போன ஆவணிக்குக் கொஞ்சம் முந்தி. வெட்டுமேசை முழுக்கச் சோக்குக் கோடு. நீர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தீர். "மச்சாள், மாதம் எல்லாம் முடிஞ்ச பிறகும் வருசம் முடியேல்லை. சின்ன நிலவு வந்துசேரக் கொஞ்ச நாள் மிஞ்சுது. எந்த மாதத்திலையும் அதைச் சேர்க்க ஏலாது."

"இழுத்துப் பிடிச்சுத் தைச்சுவிடும்" என்றேன்.

"ஏலாது. சுருக்கு விழும்." பிறகு கீழே கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துத் தடவினீர். நீர் ஒரு துண்டும் எறியிறதில்லை. தலையணை உறை, பிடிதுணி, பிள்ளைச் சட்டைக்குப் பை என்று எல்லாத்தையும் எதுக்கோ ஆக்கிவிடுவீர். "இது ஆருக்கும் அளவெடுக்காத நாள் மச்சாள். ஆருக்குக் குடுக்கிறது எண்டு யோசிப்பம். நீங்களும் யோசியுங்கோ."

நான் ஓம் என்றேன். யோசிக்கவில்லை. அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது.

அதுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பாக்கியமக்காவின் சட்டைக்கு ஒரு கை தைத்துவிட்டு, மற்றக் கைக்கு நூல் கோக்கும்போது மெசின் மேல் சாய்ந்தீர். பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் உம்முடைய தலை என் மடியில்தான். கடல் இரண்டு பக்கமும் சாம்பலாய்க் கிடந்தது. நீர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் காட்டியிருப்பேன்.

உம்மை எடுத்த பிறகு பெண்டுகள் வீட்டைக் கழுவினார்கள். செத்தவீட்டில் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிலத்தைக் கழுவி, கதிரை மேசை எல்லாம் துடைத்து வைத்தார்கள். நான் சுவரோடு சாய்ந்து இருந்தேன். ஆரோ ஒருவர் வெட்டுமேசையில் வாளித் தண்ணீரை ஊற்றித் துணியால் இழுத்துத் துடைத்தது கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. நீலத் தண்ணீர் மேசைக் கால் வழியாக வழிந்து முற்றத்து மண்ணுக்குப் போனது. 'ஐயோ நில்லுங்கோ' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் என்ன சொல்லுறது? ஒரு நாட்டின்ரை வருசம் அழியுது எண்டோ?

பிறகு ஒரு வருசத்துக்கு எங்களுக்கு நல்லநாள் இல்லைத்தானே. தீபாவளி வந்தது, எங்களுக்கு வரவில்லை. பொங்கல் வந்தது. முற்றத்தில் கோலம் இல்லை. சித்திரை வருசப்பிறப்புக்குக் கைவிசேடக் காசு இல்லை. ஆடிப்பிறப்புக்குப் பாக்கியமக்கா மூடிவைத்துக் கூழ் கொண்டுவந்து தந்தா. கலண்டரில் தாளைக் கிழிப்பேன், கிழித்தால் அடியிலும் அதே வெறும் நாள்தான். அப்படிப் பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில்தான் எனக்கு ஒன்று பட்டது. துடக்கு வீட்டில் தீபாவளி கூடாது, பொங்கல் கூடாது என்று சொல்லியிருக்கு. உப்புச் சனத்தின் நாள் கூடாது என்று ஆரும் சொல்லவில்லை. எந்த ஐயரிடம் கேட்டாலும் அவருக்கு அது தெரியாது.

உம்முடைய போனில் இருந்த கதைகளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். எங்களுக்கு ஒரு நிலவுதானே, அதைப் பெரிய நிலவாக வைத்துக்கொண்டேன். பறுவம் கழிந்த அடுத்த நாள் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். மத்தியானம் பாக்கியமக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, புகையைக் காணேல்லை. சுகமில்லையோ?"

"இல்லையக்கா, இண்டைக்கு அடுப்பு ஆறும் நாள்." வாய் தவறி வந்துவிட்டது.

"அதென்ன நாள்?" கேட்டவ, நான் சொல்லமுதல் தானே தலையை ஆட்டினா. "ஓ, உங்கடை எழுவைதீவு வழக்கமாக்கும். அப்ப மனுசனுக்குச் சோறு?"

"நேற்றையான் சோத்துக்குத் தண்ணி ஊத்தி மோர்மிளகாய்."

"அவர் ஒண்டும் சொல்லாரோ?"

"சொல்லப்படாது. குசினிக்கை வாறதெண்டாலும் அடுப்பிட்டைக் கேட்டுத்தான் வரலாம்."

பாக்கியமக்கா தன்ரை குசினிப் புகையை ஒருக்கால் திரும்பிப் பார்த்தா. "உது நல்ல வழக்கமப்பா. எங்கடை நாரந்தனையிலை ஏன் இல்லாமல் போச்சு?"

அடுத்த பறுவம் கழிய அவவின் குசினியிலும் புகை இல்லை. அவவின் மனுசன் வேலியடியில் வந்து நின்று, "பிள்ளை, உங்கடை தீவிலை உது எத்தினை மணிக்கு முடியிறது?" என்று கேட்டார், பாவம். பொழுதுபட என்றேன். இப்போது அந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீடு அடுப்பை ஆறவிடுகிறது. எல்லாரும் எழுவைதீவைப் புகழுகினம். எழுவைதீவில் ஒருத்தருக்கும் இது தெரியாது.

கொண்ணரைப் பற்றியும் கேட்பீர். வாடைக்காலம் முழுக்க எனக்கும் அவருக்கும் சரியில்லை. "இஞ்சரப்பா, செத்த பிள்ளையின்ரை போனை ஏன் இன்னும் உயிரோடை வைச்சிருக்கிறீர்? வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தோடை அதையும் நிப்பாட்டுவம்" என்றார். நான் பதிலுக்குக் கத்தினேன். அதோடு சோறு வைக்கிற சத்தம், கோப்பை வைக்கிற சத்தம் மட்டும்தான் வீட்டில். வைகாசியில் ஒரு நாள் தோட்டத்தால் வந்தவர் காலும் கழுவாமல் நேரே விறாந்தைக்குப் போனார். கதிரையைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பி வைத்தார். அதில் இருந்தார்.

"காத்து மாறிட்டுது" என்றார்.

நான் அகப்பையோடு நின்றேன். "நீங்களும் வாசிச்சனீங்களோ?"

"கண்ணாடி இல்லாமல் பாதிதான் விளங்கினது." கடற்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவள் எங்கடை காணியை எல்லாம் அதுக்கை வைச்சிருக்கிறாளப்பா. கிணத்தடி வேம்பும் நிக்குது."

போனை நிப்பாட்டுகிற கதை அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. உம்முடைய கதையை வாசிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த நாட்டுக்கு ஒரு பொதுக் கலண்டர் செய்கினம். நீர் போன செய்தியை நான்தான் எழுத்துக்கூட்டிப் போட்டேன். அவர்களும் அழுதார்கள். உப்புச் சனத்தின் நாள்கள் எல்லாவற்றையும் நீர் சொன்னபடியே எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சின நாள்களுக்கு வந்து நின்றுவிட்டார்கள். ஆவணி பிறக்கமுதல் கலண்டரைப் பூட்ட வேணுமாம். வெள்ளிவாள் என்று பேர் வைத்த ஒரு பெடியன், அரண்மனைக் கதை எழுதுகிற ஆள், எழுதினான்: 'உப்புக்கிளி அக்கா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டா. அந்த நாள்களை அரசனின் பிறந்தநாள் விழாவாக வைப்போம்.' பலர் சரி என்றார்கள்.

பார்த்தீரோ மச்சாள்? அந்தச் சனத்தின் தோளில் இன்னொரு மூட்டை. அவைக்கென்று நீர் ஒவ்வொன்றாகக் கட்டின வருசத்தின் கடைசித் துண்டும் அரண்மனைக்குப் போகப்போகிறது. மெசினடியில் போய் இருந்தேன். பாக்கியமக்காவின் ஒரு கைச் சட்டை நீர் விட்டபடியே ஊசியில் நிற்கிறது. அவ அதைக் கேட்டதும் இல்லை, நான் எடுத்ததும் இல்லை. அந்தத் தைக்காத கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், அரிசி ஊறப்போடப் போன நான் திரும்பி வந்து, நீர் கேட்டதுக்கு யோசித்தேன்.

எழுத்துப் பிழையோடுதான் எழுதினேன். இப்படி:

'மிஞ்சின நாள் அரசனுக்கு இல்லை. அந்த வருசம் முடிய முதல் போன ஆக்களுக்கு. காத்து மாற முதல் போனவை, வலையைப் பாதி இழுக்கேக்கை போனவை, சட்டைக்கு ஒரு கை மட்டும் தைச்சுவிட்டுப் போனவை. அவையின்ரை வருசம் பாதியிலை நிக்குது. மிஞ்சின நாளிலை அவை வந்திருந்து மிச்ச வருசத்தை முடிப்பினம். இலை போடவேணும். பாதியிலை விட்ட வேலையை எடுத்து அவைக்கு முன்னாலை வைக்கவேணும். அவை செத்ததை அவைக்கு ஆரும் சொல்லப்படாது. இது மச்சாள் சொல்லுறது.'

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பொழுதுபடத்தான் எடுத்துப் பார்த்தேன். மட்டக்களப்புப் பிள்ளை, தன்ரை அம்மாவும் மாசியிலை போனவ, இலை போடுகிறேன் மச்சாள் என்று எழுதியிருந்தா. அதுக்கடியில் இன்னும் ஆர் ஆரோ, தங்கள் ஆட்களின் பேரைச் சொல்லி. எல்லாருக்கும் கடைசியில் அந்த வெள்ளிவாள். 'அரசனுக்கு வேறை நாள் பாக்கிறம் மச்சாள்' என்று. அந்தப் பெடியனுக்கு ஆர் இல்லாமல் போனதோ, நான் கேட்கவில்லை.

இனி ஆட்டைத் திவசம் வருகிறது. ஐயர் திதி பார்த்துச் சொல்லிவிட்டார். அது கழிந்தால் எங்கள் வீட்டுக்குத் தீபாவளி வரலாம், பொங்கல் வரலாம். ஆனால் நானும் கொண்ணரும் கதைத்து வைத்திருக்கிறோம். திவசம் முடிந்த அடுத்த நாள் இந்த வீட்டில் மிஞ்சின நாள் தொடங்கும். மெசினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. உமக்கு இலை விறாந்தையில், கடல் தெரிகிற பக்கம். நீர் பாதி தேய்த்த நீலச் சோக்கு என் சேலைத் தலைப்பில்தான் முடிந்து கிடக்கிறது. தோய்க்கும்போது அவிழ்த்துவைத்து, காய்ந்ததும் திரும்ப முடிந்துகொள்ளுவேன்.

ஒன்றுதான் குறை. வெள்ளிவாள் திரும்பவும் எழுதிக் கேட்கிறான், கலண்டரில் பெட்டி கீற வேணுமாம், எத்தனை பெட்டி என்று. அந்தக் கணக்கு மேசையில்தான் இருந்தது, நீலத் தண்ணீரோடு போய்விட்டது. நான் விரலை மடக்கிப் பார்த்தேன். இரண்டு நிலவும் எனக்குள் ஒத்துவரவில்லை. கொண்ணரும் பார்த்தார், பாக்கியமக்காவும் தனக்கு விளங்காமலே பார்த்தா. இலையை எந்த நாளோடு நிறுத்துவது, மெசினை எந்த நாள் மூடுவது என்று இந்த வீட்டில் ஆருக்கும் தெரியாது.

மிஞ்சினது எத்தினை நாள், கிளி மச்சாள்?